ஐந்தாம் வாயிலைத் திறந்தது யார்

அரியலூரைத் தாண்டியும் ஐந்தாம் வாயிலைத் திறந்தது யார் என்று ஜெயக்கொடிக்குத் தெரிந்தபாடில்லை. விருதுநகரில் பகல் ரயில் ஏறியபோது நான்காம் வாயில் இடிந்து கிடந்தது. மதுரையில் இளவரசி அவிரா குதிரையோடு ஆற்றில் விழுந்தாள், திண்டுக்கல்லில் அவள் செத்துவிட்டாள் என்று கோட்டையே அழுதது, திருச்சியில் பார்த்தால் ஈரத்துணியோடு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். இதை எழுதிய மனிதர் யாரையும் ஒழுங்காகச் சாகவும் விடமாட்டார், ஒழுங்காகச் சாப்பிடவும் விடமாட்டார். ஆயிரத்துச் சொச்சம் பக்கம். மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகிறது, கையில் தூக்கினால் மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கிறது. அட்டையில் சிறகு முளைத்த ஓநாய் ஒன்று, இவள் மூடும்போதெல்லாம் ஏளனமாகப் பார்க்கிறது. சுகிர்தாவின் புத்தகம். மகள் ஊருக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போனாள், போனில் கேட்டபோது சிரித்தாள், "அம்மா, அது உங்களுக்கு ஆகாதும்மா, பக்கத்துக்குப் பத்துப் பேர் வருவாங்க, நான் ரெண்டு தடவை படிச்சவ சொல்றேன்" என்றாள். ஆகாது என்று சொன்ன அன்றே ஜெயக்கொடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் புரட்டினாள். தாம்பரம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். முடித்து, நடைமேடையில் நிற்கப்போகும் மகள் கையில் புத்தகத்தைக் கொடுத்து, ஏழு நாட்டு ராஜாக்களையும் அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளையும் வரிசையாக ஒப்பித்து, இப்போது சொல், எதற்கு எனக்கு நரம்பு டாக்டர் என்று கேட்க வேண்டும். பெயர்கள் குழம்பிவிட்டால் வாயை மூடிக்கொண்டு நாளைக் காலை அந்த டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவது. இது அவளுக்கும் புத்தகத்துக்கும் இடையிலான பந்தயம். பக்கத்து இருக்கையில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டு வாயைப் பிளந்து தூங்கும் தனுஷ்கோடிக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால், கட்டிய மனைவிக்கு மறதி வியாதி வந்துவிடுமோ என்ற கவலையைவிட, நீ எதற்கு ஓநாய்க் கதை படிக்கிறாய் என்ற கேள்விதான் அவருக்கு முதலில் வரும்.

புத்தகத்தின் கடைசியில் நாலு பக்கத்துக்கு வம்சாவளி போட்டிருக்கிறது. அதைப் பார்ப்பது அழுகுணி ஆட்டம். பார்க்காமலேயே எல்லாரையும் அவள் உட்கார வைத்திருக்கிறாள், டெலிபோன் ஆபீஸ் போர்டில். இருபத்தோரு வயதில் போய் உட்கார்ந்த போர்டு. தலையில் ஹெட்செட்டை மாட்டி, வாய்க்கு முன்னால் குழாயை இழுத்துவிட்டு, முன்னால் வரிசை வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளையும் ஊரில் ஒரு கடை, ஒரு வீடு. விளக்கு மினுங்கினால் கயிற்றைச் சொருகு, நம்பர் ப்ளீஸ், எந்த வீட்டுக்கு எந்த வீடு வேண்டுமோ இணைத்துவிடு. டைரக்டரியைத் தொட்டதே இல்லை. இப்போதும் கண்ணை மூடினால் துளைகள் தெரிகின்றன. சேனாதிபதி தொல்கரன் வந்ததும் அவனை மிளகாய்வத்தல் கமிஷன் கடைத் துளையில் சொருகினாள், அந்த முதலாளிக்கும் பேச்சு இப்படித்தான் காரமாக இருக்கும். அவிரா, மகளிர் கல்லூரி விடுதி. பேசாவிரதம் பூண்ட மௌனப்படை முழுவதும் பெரியாஸ்பத்திரி, ராத்திரியில் மணி அடித்தால் யாரும் எடுக்காத துளை. குருட்டு வாயிற்காவலன் ஊமத்தனுக்கு எது என்று ஒரு வாரம் யோசித்து, பஸ் ஸ்டாண்டு பழக்கடையைக் கொடுத்தாள், அந்தக் கடைக்காரருக்கும் கண் மங்கல், குரலை வைத்தே ஆளைச் சொல்லுவார். இப்படி ஒரு நாடே விருதுநகர் பஜாரில் குடியேறிவிட்டது. விளக்கு மினுங்குகிறது, பெயர் வருகிறது, கயிறு தானாகப் போய்ச் சொருகிக்கொள்கிறது. இவ்வளவையும் வைத்திருக்கிற தலையா கெட்டுப்போன தலை? கெட்டுப்போகவில்லை என்றால் அன்றைக்கு ஏன் அப்படி? வேண்டாம், அந்தத் துளைக்குப் போகாதே. சாளரத்துக்கு வெளியே சோளத்தட்டைக் கட்டுகள், ஒரு சிமெண்டு லாரி, இரண்டு மாடு. படி.

படிக்கப் படிக்க, சாய்வான எழுத்தில் வரும் பழைய மொழிப் பாட்டுகளை அவள் தாண்டித் தாண்டிப் போனாள். அதற்குக் குற்ற உணர்ச்சியெல்லாம் இல்லை. வெளியூர் டிரங்க் காலில் பாட்டாகப் பேசுகிறவர்கள் அந்தக் காலத்திலும் உண்டு, மூன்று நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு, அதில் இரண்டு நிமிஷம் நலமா நலமா என்றே போய்விடும், விஷயத்துக்கு வரும்போது ஆபரேட்டர் குறுக்கே புகுந்து மூணு நிமிஷம் முடிஞ்சது, நீட்டிக்கவா என்று கேட்பாள். எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். நீட்டிக்கவா. பாதிப் பேர் வேண்டாம் என்று வைத்துவிடுவார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசரம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான், காதில் விழுவது கை வழியாகப் போய்விட வேண்டும், நெஞ்சுக்குள் போகக்கூடாது. அதையும் ஜெயக்கொடி கற்றுக்கொண்டாள். சொந்தச் சித்தப்பா மகளுக்குப் பேசின சம்பந்தம் முறிந்தது அவள் காது வழியாகத்தான் போனது, வீட்டில் மூச்சு விடவில்லை. யார் யார் செத்தார்கள், எந்தக் கடை திவாலாகிறது, எந்தப் பையன் எந்த ஊருக்கு ஓடிப்போனான், எல்லாம் போயின, எதுவும் நிற்கவில்லை. பக்கத்து நாற்காலியில் விக்டோரியா, எட்டு வயது இளையவள், அக்கா அக்கா என்று உயிரை விடுவாள், ஒரு துக்கச் செய்தியை இணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். இவள் திட்டுவாள், அழுகிறவளுக்கு இங்கே வேலை இல்லை, விளக்கு மினுங்குது பாரு. விக்டோரியா. போய்விட்டதே மனசு அங்கேயே. போகாதே என்றாலும் கயிறு போய்ச் சொருகிக்கொள்கிறது. போன ஆவணியில் அந்தக் கல்யாண மண்டபம், பந்தியில் எதிரே விக்டோரியா, இலையில் பாயசம் ஊற்றும் நேரம், ஜெயக்கொடி வாய் நிறையச் சிரிப்போடு, என்னடி, அருள்மணி தம்பி வரலையா என்று கேட்டாள். பக்கத்தில் சுகிர்தாவின் கை இலை மேலேயே நின்றுவிட்டது. அருள்மணி விக்டோரியாவின் புருஷன். அதற்கு முந்தின வருஷமே இறந்துபோனவர். அந்த வீட்டுக்கு இவள் போயிருந்தாள், இரண்டு நாள் அங்கேயே இருந்தாள், அது தெரியும், ஆனால் கேட்ட அந்த நொடியில் அருள்மணி எங்கோ கார் நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தார். விக்டோரியா அழவில்லை, கோபப்படவில்லை. மேசைக்கு மேலே கையை நீட்டி இவள் கையைப் பிடித்து, "அவரு வரலைக்கா" என்றாள், அவ்வளவுதான். அவரு வரலைக்கா. அதற்குப் பிறகு விக்டோரியா இரண்டு தடவை போன் செய்தாள், ஜெயக்கொடி எடுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க மினுங்குகிற விளக்கைக் கண்டால் பாய்ந்து எடுத்தவள், கைபேசி மினுங்கி மினுங்கி அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீக்காரர் வந்தார், வாங்கினாள், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதில் ஒரு சொட்டு புத்தகத்தில் விழுந்தது. வீரர்கள் மழைக்கு ஒதுங்கி உப்புக்கண்டமும் கேழ்வரகுக் களியும் தின்கிற இடம். உப்புக்கண்டம் என்ற எழுத்தின் மேலேயே சொட்டு. விரலால் ஒற்றியெடுத்தாள், இன்னும் பரந்தது. மகளிடம் பேச்சு வாங்க வேண்டும். போகட்டும். வெளியே மழை, உள்ளே களி, கிழட்டு வீரன் ஒருவன் தன் முதல் பெண்டாட்டியைப் பற்றிச் சொல்கிறான், தொல்கரன் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறான், அவிரா வாளைத் தீட்டுகிறாள். இவர்களில் ஒருவர்தான் எதிரிக்கு ஐந்தாம் வாயிலைத் திறந்துவிடப் போகிறவர், அதை முதல் பக்கத்திலேயே சொல்லியாகிவிட்டது. யார்? ஜெயக்கொடிக்குத் தொல்கரன் மேல் சந்தேகம், ஆனால் சந்தேகம் வர வேண்டும் என்றே எழுதியிருப்பதால் அவன் இல்லை. கிழவனா? அவனுக்கு எதற்கு? விருத்தாசலம் வந்தது, யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள், பலாச்சுளை வாசனை பெட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. புத்தகத்தில் நள்ளிரவு. வாயிற்கோபுரத்தில் விளக்கு அணைந்தது. ஊமத்தன் தலையைத் திருப்பி, யாரது என்றான். பதில் இல்லை. தாழ்ப்பாளின் மேல் ஒரு கை படிந்த ஓசை அவனுக்குக் கேட்டது, அந்தக் கையை அவன் அறிவான். ஜெயக்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள். மழை பெய்துகொண்டிருந்தது. இந்த ஆள் இப்படித்தான், கத்தி கழுத்தில் இறங்கும் நேரத்தில் அடுப்பங்கரைக்குப் போய்விடுவார். திட்டிக்கொண்டே படித்தாள். வீரர்கள் ஒதுங்கினார்கள். களி கிண்டினார்கள். ஒருவன் பையிலிருந்து உப்புக்கண்டத்தை எடுத்தான்.

ஜெயக்கொடி அந்த வரியை மறுபடி படித்தாள். உப்புக்கண்டமா? இதைப் படித்தேனே. கிழவன் தொண்டையைச் செருமினான், இப்போது முதல் பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லுவான் பார், சொன்னான். அவளுக்கு மூக்கில் மச்சம் என்பான் பார், என்றான். படித்தேன், சத்தியமாகப் படித்தேன், டீ சிந்தினேன், இந்த எழுத்தின் மேலேதான். பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கறை இல்லை. விரலால் தடவினாள். மொரமொரப்பான சுத்தமான தாள். அப்படியானால் டீ? காலடியில் காகிதக் கோப்பை கிடக்கிறது, குடித்திருக்கிறேன், ஆனால் சிந்தவில்லையா, சிந்தியதாக நானே நினைத்துக்கொண்டேனா, படிக்காததைப் படித்ததாக நினைக்கிறேனா, இப்படித்தான் ஆரம்பிக்குமா? இல்லாதது இருப்பதாகவும் இருப்பது இல்லாததாகவும் ஆகிவிடுமா, செத்தவர் கார் நிறுத்திவிட்டு வருவாரா? பயம் என்றால் இதுதான், அவள் வாழ்க்கையில் பேய்க்கோ போலீசுக்கோ பட்டதெல்லாம் பயமே இல்லை. தனுஷ்கோடியை எழுப்பலாமா? எழுப்பி என்ன கேட்பது, நான் டீ குடித்தேனா என்றா? ஆனால் ஜெயக்கொடியிடம் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று உண்டு, அவளை ஆறாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றியதும் அதுதான், என்னதான் நடக்கிறது என்று பார்க்காமல் விட முடியாது. மச்சத்தைப் பற்றி நான் முன்கூட்டியே எப்படிச் சொன்னேன்? படிக்காமல் சொல்லியிருக்க முடியாதே. நோய் வந்த தலை மறக்கும், சரி, நடக்கப்போவதைச் சொல்லுமா? விரலை அங்கேயே வைத்துக்கொண்டு பின்னால் புரட்டினாள், ஒவ்வொரு தாளாக, அவசரப்படாமல். கோபுரம், விளக்கு, வாள், கிழவன், மச்சம். கறை. உப்புக்கண்டத்தின் மேல் காசு அளவுக்குப் பழுப்பாக, ஓரம் இன்னும் ஈரமாக, அவளுடைய டீ.

"என்னங்க, எந்திரிங்க."

"தாம்பரமா?"

"இல்ல. இதப் பாருங்க. இந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒண்ணா?"

தனுஷ்கோடி கண்ணாடியைத் தேடி மாட்டி, இரண்டு பக்கத்தையும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். "பைண்டிங்ல விட்டுட்டான். ஒரே ஃபாரத்த, பதினாறு பக்கத்த, ரெண்டு தடவ வச்சுத் தச்சிருக்கான். கீழ நம்பரப் பாரு, மறுபடி அதே நம்பர்தான் ஓடுது. சிவகாசிக்காரி உனக்கு இது தெரியாதாக்கும்?"

"அப்ப இதுக்கு அடுத்தது?"

"அது எவன் புத்தகத்துல போச்சோ. அவனும் முழிச்சிட்டிருப்பான்." சொல்லிவிட்டு மறுபடி தலையைச் சாய்த்தார்.

தெரியாதா, அவளுக்கா? அக்காள் வீட்டு முற்றத்தில் பதினாறு பதினாறு பக்கமாக மடித்த தாள்களை அடுக்கி வளர்ந்தவள். ஒரே அடுக்கில் கை இரண்டு தடவை போனால் இப்படி ஆகும், அதற்காக எத்தனை குட்டு வாங்கியிருக்கிறாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. நான் சரி. புத்தகம்தான் தப்பு. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அந்த நிம்மதியை அனுபவித்தாள், ரொம்ப நேரம் இல்லை, ஏதோ ஒரு ஊர் பெயர்ப்பலகை போகும் நேரம்தான். அதற்குள் அடுத்த அரிப்பு. அப்படியானால் வாயிலைத் திறந்தது யார்? காணாமல் போன பதினாறு பக்கத்துக்குள்தான் அந்தக் கை இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் பக்கத்தைப் பார்த்தாள், கோட்டை எரிந்து முடிந்து மூன்று நாள் ஆகியிருக்கிறது, எல்லாரும் அவனைப் பற்றியே பேசுகிறார்கள், துரோகி துரோகி என்கிறார்களே தவிர பெயரைச் சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. விழுப்புரம் தாண்டும்போது சுகிர்தாவின் போன் வந்தது.

"எங்கம்மா வந்துட்டிருக்கீங்க? அப்பா தூங்குறாங்களா?"

"விழுப்புரம் தாண்டிட்டோம். விழுப்புரம். ஏட்டி, அஞ்சாம் வாசலத் தெறந்தது யாரு?"

"எந்த வாசல்?"

"ஒன் புத்தகத்துலட்டி. ராத்திரி தாழ்ப்பாள்ல கை வைக்கிறானே."

"ஐயோ, அதெல்லாம் எங்கேம்மா ஞாபகம் இருக்கு? யாரோ ஒருத்தன். ஆனா அந்த எடத்துல நான் தேம்பித் தேம்பி அழுதேன், ரெண்டு தடவையும். அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

போனை வைத்த பிறகும் ஜெயக்கொடி அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிரதியில் அந்த இடமே இல்லை, இவள் எங்கே அழுதாள்? கோபுரத்தில் விளக்கு அணைந்ததற்கே அழுதிருப்பாள், அல்லது எரிந்த கோட்டைக்கு. இடையில் இருந்ததைத் தானே நிரப்பிக்கொண்டு போய்விட்டாள், இரண்டு தடவையும், பக்க எண்ணைக்கூடப் பார்க்காமல். அம்மாவின் தலையில் ஓட்டை என்று டாக்டரிடம் நேரம் வாங்கினவள். கேலியாகத்தான் நினைக்க ஆரம்பித்தாள், ஆனால் கேலி பாதியில் நின்றுவிட்டது. மகளுக்கு அழுதது இருக்கிறது, நடந்தது இல்லை. எனக்கு? அருள்மணி வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். போன பஸ் நினைவிருக்கிறது. வாசலில் போட்டிருந்த நீல நாற்காலிகள் நினைவிருக்கின்றன. திரும்பி வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டது நினைவிருக்கிறது. நடுவில்? சவப்பெட்டி எந்தப் பக்கம் இருந்தது, அவர் முகம் எப்படி இருந்தது, விக்டோரியா என்ன உடுத்தியிருந்தாள்? தேடினாள், வந்தது வெறும் நம்பர்கள். பத்து இலக்க நம்பர்கள், ஒன்றன்பின் ஒன்றாக, மூடிய கண்ணுக்குள் விறுவிறுவென்று. இதென்ன கூத்து? பயப்படலாம். பயந்துகொண்டே தாம்பரம் வரை போகலாம், பழக்கமான வழிதான். ஆனால் இவளிடம் இல்லாத பக்கம் இன்னொருத்தியிடம் இருக்கிறதே. கேட்டால் என்ன? வெட்கம் ஒரு பக்கம் கையைப் பிடித்து இழுக்க, விரல் தானாக நம்பரைப் போட்டுவிட்டது, பார்க்காமலே.

"அக்கா!" முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் விக்டோரியா. "எத்தன நாளாச்சுக்கா. நல்லா இருக்கீங்களா?"

"விக்டோரியா, நான் ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது. தம்பி அடக்கத்தன்னைக்கு நான் ஒங்க வீட்ல என்ன பண்ணேன்? எனக்கு நெனவில்ல. நானும் தேடிப் பாத்துட்டேன். நீ சொல்லு."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும். லைனில் ஆள் இருக்கும் மௌனம் எது, போய்விட்ட மௌனம் எது என்று ஜெயக்கொடிக்குத் தெரியும். இது இருக்கும் மௌனம்.

"நீங்கதானக்கா எல்லாருக்கும் போன் போட்டீங்க," என்றாள் விக்டோரியா. "வந்ததும் என்னையப் பாத்தீங்க, ஆளுக்குச் சொல்லியாச்சான்னு கேட்டீங்க, யாருக்கும் கையும் ஓடல காலும் ஓடலன்னேன். மாடிப்படிக்குக் கீழ ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டீங்க. ரெண்டு நாளும் அங்கதான். எங்க மாமாமாரு நம்பர், பழைய ஆபீஸ்காரங்க நம்பர், ஒரு தாளப் பாக்கல, எல்லாம் மனசுல இருந்து. நம்ம டூட்டிக் குரல் இருக்குல்ல, அதே குரல்ல. விக்டோரியா வீட்டுக்காரர் அருள்மணி காலமாகிட்டார், நாளைக் காலை பத்து மணிக்கு அடக்கம், திரும்பச் சொல்லுங்கன்னு. அழுறவங்களயும் திரும்பச் சொல்ல வச்சீங்கக்கா. அழுதுட்டு இருந்த எனக்கே சிரிப்பு வந்துருச்சு."

"நான் தம்பிய வந்து பாக்கலையா?"

"கூப்புட்டேன். பெங்களூர்ல இருந்து கொழுந்தனாரு லைன்ல வரணும், இரு வாரேன்னீங்க. பெட்டி மூடுறப்பவும் போன்லதான் இருந்தீங்க. நீங்க அவரு மொகத்தப் பாக்கவே இல்லக்கா."

அந்தச் செய்தியை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்? எத்தனை பேர் அதை அவளுக்கே திரும்பச் சொல்லியிருப்பார்கள்? காதில் விழுந்ததெல்லாம் கை வழியாகப் போய்விட்டது, பழகின வழியில், நெஞ்சைத் தொடாமல். நம்பர்கள் நின்றன, மனிதர் நிற்கவில்லை. இதுதான் காரணமா, இல்லை இதற்கும் அடியில் வேறு ஏதாவது அரித்துக்கொண்டிருக்கிறதா, அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது, காலையில் இல்லாத ஆசை அது. இப்போது அருள்மணி வந்தார். சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் சைக்கிளோடு நிற்பவர், இவளைக் கண்டால் அவசரமாகச் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைப்பவர், புகை மட்டும் தோளுக்கு மேலே எழும்பும். அந்தத் தம்பி செத்துப்போய்விட்டார். இனி எந்த மண்டபத்துக்கும் வரமாட்டார். ஜெயக்கொடி ரயிலென்றும் பார்க்காமல், எதிர் இருக்கைக்காரர் பார்க்கிறார் என்றும் பார்க்காமல் அழுதாள், மூக்கு உறிஞ்சும் அழுகை.

"நாளைக்கு டாக்டர்ட்ட போறேன்டி," என்றாள் கடைசியில். "தலைக்குள்ள என்ன இருக்கு, என்ன இல்லன்னு பாக்கப் போறாங்க. எனக்கே பாக்கணும் போல இருக்கு."

"போயிட்டு வாங்கக்கா. என்ன சொன்னாலும் எனக்குச் சொல்லுங்க. நீங்க மறந்தா நான் வச்சிருக்கேன்."

செங்கல்பட்டு ஏரி வந்தது. மடியில் புத்தகம் விரிந்தபடி கிடந்தது, டீக்கறை காய்ந்துவிட்டது. முடிக்கவில்லை. தாம்பரத்துக்குள் முடியாது. டாக்டர் வீட்டு வாசலில் காத்திருக்கும்போது மிச்சத்தைப் படிக்கலாம், அந்தக் கை யாருடையது என்று வேறு பிரதி வாங்கியாவது பார்த்துவிட வேண்டும். வைக்கவா என்று கேட்க நினைத்தாள், வைக்க மனமில்லை. அதற்குள் காதில் விக்டோரியா தொண்டையைச் செருமினாள். குரல் மாறியிருந்தது, விறைப்பாக, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதே பழைய குரல்.

"மூணு நிமிஷம் முடிஞ்சது. நீட்டிக்கவா?"

"நீட்டிக்கலாம்," என்றாள் ஜெயக்கொடி.